அறிமுகமற்றவர்களிடம் பாதுகாப்பு: சிறு குழந்தைகளுக்குக் கற்பித்தல்

அறிமுகமற்றவர்களிடம் பாதுகாப்பாக நடந்துகொள்ளக் கற்பித்தல் என்பது, பெற்றோரோ ஆசிரியரோ அருகில் இல்லாத நேரத்தில் யாராவது கூப்பிட்டால், எதையாவது கொடுத்தால், தொட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதைக் குழந்தைக்குப் பழக்கும் கல்வியாகும். மூன்று வயது முதல் பத்து வயது வரையுள்ள காலம் இதற்கு உரிய காலம். "தெரியாதவர்களிடம் பேசாதே" என்ற ஒரே அறிவுரையோடு பல வீடுகளில் இந்தக் கல்வி முடிந்துவிடுகிறது. அந்த அறிவுரை மட்டும் குழந்தையைக் காப்பதில்லை என்பதையும், அதற்குப் பதிலாக எதை, எப்படிக் கற்பிக்கலாம் என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

குழந்தையின் பார்வையில் "தெரியாதவர்"

"தெரியாதவர்" என்ற சொல் பெரியவர்களுக்குத் தெளிவானது. சிறு குழந்தைக்கு அப்படியல்ல. நான்கு வயதுக் குழந்தையிடம் தெரியாதவர் எப்படி இருப்பார் என்று கேட்டால், அழுக்குச் சட்டை, பெரிய மீசை, சிவந்த கண், தோளில் சாக்கு மூட்டை என்றுதான் சொல்லும். சுத்தமாக உடுத்தி, சிரித்த முகத்துடன், தன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுபவரைக் குழந்தை தெரியாதவராக நினைப்பதில்லை. ஐந்து நிமிடம் பேசிவிட்டால் அவர் தெரிந்தவராகிவிடுகிறார்.

தமிழ்க் குடும்பங்களில் இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. வீட்டுக்கு வருபவர், பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர், கடைக்காரர், வண்டி ஓட்டுநர் என எல்லோரையும் மாமா, அத்தை, தாத்தா, அண்ணன், அக்கா என்றே அழைக்கப் பழக்குகிறோம். இது நல்ல பண்பு, விட வேண்டியதில்லை. ஆனால் சொந்தத் தாய்மாமனும் மாமாதான், இன்று முதன்முதலில் பார்த்தவரும் மாமாதான் என்றால், யாரிடம் எவ்வளவு நெருங்கலாம் என்பதைக் குழந்தை அந்தச் சொல்லைக் கொண்டு அறிய முடியாது. "மாமா என்று கூப்பிடலாம், ஆனால் எந்த மாமாவோடும் அம்மாவிடம் சொல்லாமல் போகக் கூடாது" என்று தனியாகச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

"பேசாதே" என்ற விதியின் குறைகள்

1979ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் பள்ளிப் பேருந்தில் ஏறத் தனியாக நடந்து சென்ற ஆறு வயதுச் சிறுவன் காணாமற்போனது அமெரிக்காவை உலுக்கியது. 1980களில் காணாமற்போன குழந்தைகளின் படங்கள் பால் அட்டைப்பெட்டிகளில் அச்சிடப்பட்டன. "அந்நியர் ஆபத்து" என்ற முழக்கம் பள்ளிதோறும் கற்பிக்கப்பட்டது. அங்கிருந்து மற்ற நாடுகளுக்கும் பரவியது. காலப்போக்கில் அதன் குறைகள் தெரியவந்தன.

முதற்குறை, உதவி தேவைப்படும்போது இந்த விதி குழந்தையைத் தடுத்துவிடுகிறது. 2005ஆம் ஆண்டு ஜூன் மாதம் அமெரிக்காவின் யூட்டா மாநில மலைப்பகுதியில் 11 வயதுச் சிறுவன் ஒருவன் வழிதவறி நான்கு நாட்கள் காட்டில் அலைந்தான். பெருங்கூட்டமாக மக்கள் தேடினர். தேடி வந்தவர்களைக் கண்டும், அவர்கள் தெரியாதவர்கள் என்பதால் அவன் பாதையை விட்டு விலகி மறைந்துகொண்டான் என்று பெற்றோர் பின்னர் தெரிவித்தனர். நல்லவேளையாக அவன் உயிரோடு மீட்கப்பட்டான். அவன் கீழ்ப்படியாத பிள்ளை அல்லன்; சொல்லிக்கொடுத்ததை அப்படியே கடைப்பிடித்தவன்.

இரண்டாவது குறை இதைவிடப் பெரியது. குழந்தைக்குத் தீங்கு செய்பவர்களில் பலர் குழந்தைக்கு முன்பே தெரிந்தவர்கள். இந்திய அரசின் மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் விசாரித்து 2007இல் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. அதில் 53.22 விழுக்காட்டுக் குழந்தைகள் ஏதேனும் ஒருவகைப் பாலியல் அத்துமீறலைச் சந்தித்ததாகக் கூறினர். அத்துமீறியவர்களில் பாதிப் பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள் அல்லது நம்பிக்கைக்குரிய பொறுப்பில் இருந்தவர்கள். காவல்துறையில் பதிவாகும் வழக்குகளைத் தொகுக்கும் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அண்மைக் கால அறிக்கைகளிலும், குழந்தைகள் மீதான பாலியல் வன்கொடுமை வழக்குகளில் மிகப் பெரும்பாலானவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் தெரிந்தவராகவே இருக்கிறார்.

இக்காரணங்களால், அமெரிக்காவில் காணாமற்போன குழந்தைகளுக்காக 1984இல் தொடங்கப்பட்ட தேசிய மையம், "அந்நியர் ஆபத்து" என்ற சொல்லைக் கைவிடுமாறு 2017இல் பெற்றோரைக் கேட்டுக்கொண்டது. பிரிட்டனிலும், யாரிடம் பேசுகிறாய் என்பதை விட்டு, யாருடனும் சொல்லாமல் போகாதே என்பதை வலியுறுத்தும் பாடத்திட்டம் உருவாக்கப்பட்டது.

அச்சமூட்டுவதால் வரும் தீமை

குழந்தை சாப்பிட மறுத்தால் "பூச்சாண்டி வருவான்", "பிள்ளை பிடிக்கிறவன் தூக்கிக்கொண்டு போய்விடுவான்" என்று பயமுறுத்துவது நம்மிடம் பழைய வழக்கம். "அடம் பிடித்தால் போலீஸ்காரரிடம் பிடித்துக் கொடுத்துவிடுவேன்" என்பதும் அதே வகை. கூட்டத்தில் தொலைந்துபோன குழந்தை முதலில் நாட வேண்டிய ஆட்களில் காவலரும் ஒருவர். அவரையே பூச்சாண்டியாக்கிவிட்டால் குழந்தை யாரிடம் போகும்?

அச்சம் பெரியவர்களையும் கெடுக்கும். 2018ஆம் ஆண்டு மே மாதத்தில் குழந்தை கடத்தும் கும்பல் நடமாடுவதாக வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியது. அந்நாட்களில் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, உறவினர்களுடன் கோயிலுக்குச் சென்றுகொண்டிருந்த 65 வயது மூதாட்டி ஒருவர், வழியில் கண்ட குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். கடத்தல்காரர் என்று தவறாக எண்ணிய கூட்டம் தாக்கியதில் அவர் உயிரிழந்தார். பாதுகாப்புக் கல்வியின் நோக்கம் எல்லோரையும் சந்தேகிப்பதன்று என்பதற்கு இந்த நிகழ்வே போதும். குழந்தைக்குத் தேவை பயமன்று; பழக்கம்.

ஆய்வுகள் காட்டும் உண்மை

விதியைச் சொல்வதற்கும் பழக்குவதற்கும் உள்ள வேறுபாட்டை அமெரிக்க நடத்தையியல் ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்துள்ளனர். 1981இல் செரில் போச்சும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வில், ஆட்களை அழைத்துச் செல்ல முயல்பவர் பயன்படுத்தும் பேச்சு மூன்று வகையாகப் பிரிக்கப்பட்டது. முதலாவது வெறும் அழைப்பு: "வா, கொஞ்சம் நடந்துவிட்டு வரலாம்." இரண்டாவது, அதிகாரம் உள்ளவர் பெயரைச் சொல்வது: "உன் டீச்சர்தான் என்னோடு வரச் சொன்னார்." மூன்றாவது ஆசை காட்டுவது: "என் வண்டியில் உனக்கு ஒரு பொருள் வைத்திருக்கிறேன்." ஆய்வில் பங்கேற்ற மழலையர் பள்ளிக் குழந்தைகள், பயிற்சிக்கு முன் இத்தகைய அழைப்புகளுக்கு எளிதில் இணங்கினர். "இல்லை, டீச்சரிடம் கேட்க வேண்டும்" என்று சொல்லிவிட்டு உடனே ஓடிப்போக அவர்களுக்கு நடித்துக் காட்டி, அவர்களையும் நடிக்கவைத்து, பாராட்டிப் பழக்கிய பின் சரியாக நடந்துகொண்டனர்.

1988இல் வெளிவந்த அடுத்த ஆய்வில் 74 சிறு குழந்தைகள் பங்கேற்றனர். எந்தப் பயிற்சியும் பெறாத குழந்தைகளில் நான்கில் மூன்று பங்கினர், ஆய்வாளர் ஏற்பாடு செய்த அறிமுகமற்ற நபருடன் உடனே செல்லச் சம்மதித்தனர். வழக்கமான அறிவுரை வகுப்பு, பாதிக்கும் குறைவான குழந்தைகளிடமே பயன் தந்தது. படக்காட்சியைப் பார்த்து, பிறகு தாங்களே நடித்துப் பழகிய குழந்தைகள் மிகச் சிறப்பாக நடந்துகொண்டனர். "தெரியாதவர் கூப்பிட்டால் போவாயா?" என்று கேட்டால் எல்லாக் குழந்தையும் "போக மாட்டேன்" என்றுதான் சொல்லும். கேள்விக்கு விடை தெரிவது வேறு. அந்த நேரத்தில் கால் ஓடுவது வேறு.

கற்பிக்க வேண்டிய அடிப்படைகள்

ஆளை வைத்து அன்றி, செயலை வைத்து அறியப் பழக்க வேண்டும். முகம் நல்லதா கெட்டதா என்று குழந்தையால் கணிக்க முடியாது. ஆனால் "இவர் என்னிடம் என்ன கேட்கிறார்?" என்பதைக் கவனிக்க முடியும். பின்வருவனவற்றை எவர் செய்தாலும், அவர் தெரிந்தவரானாலும், குழந்தை விலகி வந்து வீட்டில் சொல்ல வேண்டும்.

1. அம்மா, அப்பாவிடம் சொல்லாமல் தன்னோடு வரச் சொல்வது.
2. பெரியவர் ஒருவர் குழந்தையிடம் உதவி கேட்பது. நாய்க்குட்டியைத் தேடித் தரச் சொல்வது, வழி காட்ட வண்டியில் ஏறச் சொல்வது போன்றவை. பெரியவருக்கு உதவி வேண்டுமானால் இன்னொரு பெரியவரைத்தான் கேட்பார்.
3. யாருக்கும் தெரியாமல் தின்பண்டமோ பொருளோ பணமோ கொடுப்பது.
4. உள்ளாடை மறைக்கும் இடங்களைத் தொடுவது, பார்ப்பது, படம் எடுப்பது, அல்லது தன்னைத் தொடச் சொல்வது.
5. "இதை வீட்டில் சொல்லாதே" என்பது.

இவற்றுள் ஐந்தாவது மிக முக்கியம். பிறந்தநாள் பரிசைப் பற்றிய ரகசியம் சில நாட்களில் எல்லோருக்கும் தெரிந்து மகிழ்ச்சி தரும். என்றைக்கும் சொல்லக் கூடாது என்று ஒருவர் சொல்லும் ரகசியம் வயிற்றைக் கலக்கும். இந்த வேறுபாட்டை ஐந்து வயதுக் குழந்தை நன்றாகவே புரிந்துகொள்கிறது.

சொல்லிவிட்டுப் போகும் வழக்கம் அடுத்த அடிப்படை. பக்கத்து வீட்டுக்குப் போனாலும், உறவினரோடு கடைக்குப் போனாலும், பொறுப்பில் இருக்கும் பெரியவரிடம் சொல்லி அனுமதி பெற்ற பின்பே போக வேண்டும். இந்த ஒரு விதி தெரிந்தவர், தெரியாதவர் இருவருக்கும் பொருந்துவதால், குழந்தை ஆளைத் தரம் பிரிக்க வேண்டிய தேவையே எழுவதில்லை. பெரியவர்களும் வெளியே கிளம்பும்போது குழந்தையிடம் சொல்லிவிட்டுச் சென்றால் வழக்கம் எளிதில் படியும்.

குடும்பச் சொல் என்பது வீட்டாருக்கு மட்டும் தெரிந்த அடையாளச் சொல். பள்ளி வேன் ஓட்டுநர் வராத நாளில் வேறொருவரை அனுப்ப நேரிடலாம். வருபவர் அந்தச் சொல்லைச் சொன்னால்தான் குழந்தை உடன் செல்ல வேண்டும். "கொய்யாப்பழம்", "மயிலிறகு" போல எளிய சொல்லாக இருக்கலாம். ஒருமுறை பயன்படுத்திய பின் மாற்றிவிட வேண்டும்.

மறுக்கும் உரிமையும் கற்பிக்கப்பட வேண்டும். "பெரியவர்கள் சொன்னால் கேட்க வேண்டும்" என்று மட்டுமே கேட்டு வளர்ந்த குழந்தைக்கு, பெரியவர் ஒருவரிடம் "வேண்டாம்" என்று சொல்ல வாய் வராது. விருந்தினர் வந்தால் "தாத்தாவுக்கு ஒரு முத்தம் கொடு" என்று வற்புறுத்தும்போது, தன் உடல் பற்றிய விருப்பத்துக்கு மதிப்பில்லை என்பதையே குழந்தை கற்கிறது. கைகூப்பி வணக்கம் சொன்னால் போதும் என்று விட்டுவிடுவதால் மரியாதை குறைந்துவிடாது.

வயதுக்கேற்ற பாடம்

மூன்று, நான்கு வயதில் தன் முழுப்பெயர், பெற்றோர் பெயர், உடலுறுப்புகளின் சரியான பெயர்கள் ஆகியவற்றைக் கற்பிக்கலாம். அம்மாவை "அம்மா" என்று மட்டும் அறிந்த குழந்தை, தொலைந்துபோன இடத்தில் பெயர் சொல்லத் திணறும். உறுப்புகளுக்கு விளையாட்டுப் பெயர் மட்டுமே தெரிந்தால், பின்னர் நடந்ததைச் சொன்னாலும் கேட்பவருக்குப் புரியாமல் போகும்.

ஐந்து, ஆறு வயதில் ஒரு கைப்பேசி எண்ணை மனப்பாடம் செய்யவைக்கலாம். பத்து இலக்கங்களையும் ஒரு மெட்டில் பாடவைத்தால் சில நாட்களில் பதிந்துவிடும். குடும்பச் சொல், சொல்லிவிட்டுப் போதல், நல்ல ரகசியம் கெட்ட ரகசியம் ஆகியவற்றையும் இவ்வயதில் தொடங்கலாம்.

ஏழு முதல் பத்து வயது வரை, பள்ளிக்கும் டியூஷனுக்கும் தனியே போய்வரும் குழந்தைகள் வழியில் எந்தக் கடை, எந்த வீடு உதவிக்கு உரியது என்று அறிந்திருக்க வேண்டும். பெற்றோர் ஒருநாள் கூடவே நடந்து அவற்றைக் காட்டலாம். கைப்பேசி விளையாட்டுகளில் பழகுபவருக்குப் பெயர், பள்ளி, படம் ஆகியவற்றைத் தரக்கூடாது என்பதும் இவ்வயதுக்குரிய பாடம். திரைக்கு அப்பால் இருப்பவர் தன்னைப் பத்து வயதுப் பையன் என்று சொன்னாலும், அது உண்மையா என்று குழந்தையால் பார்க்க முடியாது.

நடித்துப் பழகும் முறை

இந்தப் பயிற்சிக்குப் பத்து நிமிடமும் ஒரு வாசற்படியும் போதும். முதலில் பெரியவர் குழந்தையாக நடித்துக் காட்ட வேண்டும். பிறகு குழந்தை நடிக்க வேண்டும். அழைப்பவர் வேடத்தைப் பெற்றோர் ஏற்கலாம்.

"பாப்பா, உங்க அம்மாவுக்கு உடம்பு சரியில்ல. ஆஸ்பத்திரியில சேர்த்திருக்காங்க. என்னைத்தான் கூட்டிட்டு வரச் சொன்னாங்க. சீக்கிரம் வா."

"நான் வரமாட்டேன். டீச்சர்கிட்ட சொல்லணும்."

இவ்வளவு சொன்னால் போதும். உடனே திரும்பி, ஆசிரியர் அல்லது வீட்டார் இருக்கும் இடத்துக்கு ஓடி, நடந்ததைச் சொல்ல வேண்டும். வாதம் செய்யவோ விளக்கம் கேட்கவோ நிற்கக் கூடாது. கையைப் பிடித்தால் "இவர் எங்கப்பா இல்ல, காப்பாத்துங்க" என்று உரக்கக் கத்தப் பழக்க வேண்டும். வெறுமனே அழுதால், அடம்பிடிக்கும் பிள்ளை என்று நினைத்து வழிப்போக்கர் கடந்துபோய்விடுவர்.

வெறும் அழைப்பு, பெரியவர் பெயர், ஆசை காட்டுதல் ஆகிய மூன்று வகைகளையும் மாற்றி மாற்றி நடிக்க வேண்டும். சரியாகச் செய்தவுடன் பாராட்ட வேண்டும். தவறினால் கேலி செய்யாமல் மீண்டும் நடிக்கவைக்க வேண்டும். வீட்டுக்குள், தெருவில், பூங்காவில் என இடத்தையும் மாற்றலாம். சில மாதங்களுக்கு ஒருமுறை நினைவூட்டுவது அவசியம்; குழந்தைகள் மறந்துவிடுவர்.

கூட்டத்தில் தொலைந்துவிட்டால்

திருவிழா, சந்தை, பேருந்து நிலையம் போன்ற இடங்களில் தொலையும் குழந்தை தெரியாதவரிடம் பேசித்தான் ஆக வேண்டும். ஆகவே யாரிடம் பேசலாம் என்பதைக் கற்பிக்க வேண்டும். முதலில் நின்ற இடத்திலேயே நின்று அம்மாவின் பெயரைச் சொல்லிக் கத்த வேண்டும். அடுத்து சீருடையில் உள்ள காவலர், கடையில் கல்லாவில் இருப்பவர், தன் குழந்தைகளோடு வந்திருக்கும் ஒரு தாய் ஆகியோரில் ஒருவரை நாட வேண்டும். தானாகத் தேடி வந்து உதவுபவரைவிட, குழந்தை தேர்ந்தெடுத்துக் கேட்கும் ஆள் பெரும்பாலும் பாதுகாப்பானவர். உதவுபவர் எவரானாலும் அந்த இடத்தை விட்டு வேறெங்கும் அவருடன் போகக் கூடாது.

திருவண்ணாமலைத் தீபத் திருவிழா போன்ற பெருங்கூட்டங்களில் காவல்துறையினர் குழந்தைகளின் கையில் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய பட்டையைக் கட்டுகின்றனர். அது இல்லாத இடங்களில் பெற்றோரே ஒரு சீட்டில் எண்ணை எழுதிச் சட்டைப் பையில் வைக்கலாம். பெயரைச் சட்டையின் வெளிப்புறத்தில் எழுதக் கூடாது. பெயர் சொல்லி அழைப்பவரைக் குழந்தை நம்பிவிடும்.

குழந்தை சொல்லும்போது

எவ்வளவு கற்பித்தாலும், பெரியவர் திட்டமிட்டு ஏமாற்றினால் குழந்தை சிக்கிக்கொள்ள நேரிடலாம். அது குழந்தையின் தவறன்று. குழந்தை வந்து ஏதாவது சொன்னால் முதலில் நம்ப வேண்டும். "நீ ஏன் அங்கே போனாய்?", "அன்றைக்கே ஏன் சொல்லவில்லை?" என்ற கேள்விகள் குழந்தையின் வாயை அடைத்துவிடும். "சொன்னது நல்லது. உன் மேல் தப்பில்லை. நான் பார்த்துக்கொள்கிறேன்" என்ற சொற்கள் போதும். நடந்ததைத் துருவித் துருவிப் பலமுறை கேட்கக் கூடாது. தெரிந்தவர் மீது புகார் என்றால் குடும்ப மானம் கருதி மறைக்கும் வழக்கம் உண்டு. மறைக்கும்போது அந்தக் குழந்தையும் அடுத்த குழந்தையும் பாதுகாப்பை இழக்கின்றனர்.

பேச்சாகச் சொல்லாத குழந்தையும் உண்டு. ஒரு குறிப்பிட்ட வீட்டுக்கோ வண்டிக்கோ போக மறுப்பது, திடீரெனப் படுக்கையை நனைப்பது, தனியே இருக்க அஞ்சுவது போன்ற மாற்றங்களைக் கவனிக்க வேண்டும். இவற்றுக்கு வேறு காரணமும் இருக்கலாம். ஆனால் கேட்காமல் விடக் கூடாது.

சட்டமும் உதவி எண்களும்

பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம், சுருக்கமாகப் போக்சோ, 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் உள்ளது. 18 வயது நிறையாத ஆண், பெண் இருபாலரும் இதன்படி குழந்தைகளே. குற்றம் நடந்தது தெரிந்தும் தெரிவிக்காமல் இருப்பது 19, 21ஆம் பிரிவுகளின்படி தண்டனைக்குரியது. குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ விரும்பும் இடத்திலோ பதிவு செய்ய வேண்டும். காவலர் சீருடையில் இருக்கக் கூடாது. இரவில் குழந்தையைக் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. குழந்தையின் பெயர், படம், பள்ளி, முகவரி ஆகியவற்றை ஊடகங்கள் வெளியிடக் கூடாது.

குழந்தைகளுக்கான கட்டணமில்லா உதவி எண் 1098. இது 1996இல் மும்பையில் தொடங்கப்பட்டு நாடெங்கும் பரவியது. 24 மணி நேரமும் அழைக்கலாம். குழந்தையே நேரடியாகவும் பேசலாம். உடனடி ஆபத்துக்கு 112ஐ அழைக்கலாம். தமிழ்நாட்டுப் பள்ளி மாணவர்கள் 14417 என்ற கல்வி உதவி எண்ணிலும் புகார் தெரிவிக்கலாம்.

எண்களும் விதிகளும் குழந்தைக்குத் துணை செய்வது உண்மை. ஆனால் பள்ளி விட்டு வந்த குழந்தை "இன்னிக்கு என்ன நடந்துச்சு தெரியுமா?" என்று தொடங்கும்போது, கையில் உள்ள வேலையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்கும் ஒரு பெரியவர் வீட்டில் இருக்க வேண்டும். சின்னச் சின்ன விஷயங்களைச் சொல்லிப் பழகிய குழந்தைதான், பெரிய விஷயம் நடந்தாலும் வந்து சொல்லும்.